எட்டாம் எண்காரியோடு ஃபோர்த்தூனா தரிசனம்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு படம். மே மாதக் கடைசியில் என் மகள் தர்ஷியின் பாடசாலையில் பெற்றோருக்கு ஒரு மாலை நிகழ்ச்சி வைத்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பழைய உரோம் நாட்டுத் தெய்வங்களில் ஆளுக்கொன்றை எடுத்து, அட்டையில் வரைந்து, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். தர்ஷி எடுத்தது ஃபோர்த்தூனா. அதிர்ஷ்டத்துக்கும் விதிக்கும் உரிய தெய்வம். நிகழ்ச்சி மாலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் நான் கியூபெக்கின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு வைத்தியசாலையின் நாலாம் மாடியில் நிலம் துடைத்துக்கொண்டிருப்பேன். பதினொரு வருடமாக எனக்கு மூன்றரையிலிருந்து பதினொன்றரை வரைதான் வேலை.

எனக்குப் பதிலாகப் போனவள் ஜெசிந்தா. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், மன்னார்க்காரி, என்னைவிட மூன்று வயது இளையவள். அன்று அவளுக்கு விடுப்பு. "நீங்கள் யோசியாதேங்கோ கௌரியக்கா, நான் போறன். பிள்ளை தனிய நிக்கக்கூடாது" என்று சொல்லி, நாங்கள் இருக்கிற லாசால் வரை ஒரு மணித்தியாலம் பயணம் செய்து வந்து, எல்லாம் பார்த்து, கையை நீட்டித் தானே ஒரு படமும் எடுத்து எனக்கு அனுப்பினாள். படத்தில் தர்ஷி அவளுடைய தோளில் சாய்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை மாதம்! நன்றி என்று எழுதி ஒரு இதயப் படமும் சேர்த்து அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் வயிறு பற்றி எரிந்தது. துடைப்பத்தை வாளிக்குள் குத்திய குத்தில் தண்ணீர் என் சப்பாத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

இந்த வலைப்பூவை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், கார் இல்லாதவர்கள் ஒரு நாள் விடுப்பில் பஸ்ஸிலும் மெற்றோவிலும் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் நான் எழுதுவேன். கர்க்லாண்டில் வீடும் வாசலில் இரண்டு காரும் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய படங்களில் எப்போதும் வெயிலடிக்கும். நான் திமிங்கிலம் பார்க்கப் போன அன்று பனிமூட்டம், இலையுதிர்கால நிறம் பார்க்கப் போன அன்று இலையெல்லாம் கொட்டி முடிந்திருந்தது. ஆகவே அதிர்ஷ்டத்தையே நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன்.

தேதி தர்ஷியின் அட்டையில் இருந்தது. ஜூன் 24-இல்தான் உரோமர்கள் ஃபோர்த்தூனாவுக்குத் திருவிழா எடுத்தார்களாம். ஆற்றோடு கீழே இருந்த அவளுடைய கோயில்களுக்குச் சிலர் நடந்தும் சிலர் மாலை கட்டிய படகுகளிலும் போய், வழி முழுக்கக் குடித்து, ஆடிப்பாடித் திரும்புவார்களாம். பெரிய இடத்து ஆட்களைவிடச் சாதாரண சனமும் அடிமைகளும்தான் அதற்கு அதிகம் போனார்களாம், ஏனென்றால் அந்தக் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் அரசனே ஒரு அடிமைப் பெண்ணின் மகனாம். ஜூன் 24 எங்கள் கியூபெக்கிலும் பொது விடுமுறை, சென்-ஜோன். துடைப்பம் பிடிக்கிற ஒருத்திக்கு இதைவிடப் பொருத்தமான திருவிழா வேறு எது? காலையில் நகர மையத்து அருங்காட்சியகத்தில் அம்மனைப் பார்ப்பது, பிற்பகல் பழைய துறைமுகத்தில் படகு ஏறுவது என்று திட்டம் போட்டேன்.

தர்ஷியைத்தான் கூட்டிக்கொண்டு போக நினைத்தேன். அவளோ, "அம்மா, ஒரு மாசமா நான் அந்த ஃபோர்த்தூனாவோடதான் இருந்தனான், எனக்குக் காணும்" என்று சொல்லிவிட்டுச் சிநேகிதிகளோடு ஊர்வலம் பார்க்கப் போகப் போவதாகச் சொன்னாள். இதை நான் வேலையிடத்து இடைவேளையில் சொல்லப்போக, ஜெசிந்தா, "அப்ப நான் வரட்டே அக்கா?" என்றாள். முகத்துக்கு முன்னால் கேட்டால் என்ன சொல்வது? "வாரும்" என்றேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்கு விளங்காது. எங்கள் வேலையிடத்தில் எல்லாம் பணிமூப்பின்படிதான் நடக்கும். யார் முதலில் சேர்ந்தாரோ அவர் முதலில் விடுப்பைத் தெரிவார், முதலில் மாடியைத் தெரிவார், நல்ல வேலை நேரம் காலியானால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். ஜெசிந்தா பட்டியலில் எனக்கு ஒரே ஒரு இடம் முன்னால் இருக்கிறாள். அந்த ஒரு இடம் பதினொரு வருடமாக என்னைப் படுத்திய பாடு! ஜூலை விடுப்பு அவளுக்கு, செப்டெம்பர் எனக்கு. டிசம்பரில் நத்தார் விடுப்பு அவளோடு முடிந்துவிடும். இப்போது பகல் வேலை ஒன்று காலியாகியிருக்கிறது, காலை ஏழரையிலிருந்து மூன்றரை வரை. அடுத்தது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அந்த வேலை கிடைத்தால் தர்ஷி பாடசாலை விட்டு வரும்போது நான் வீட்டில் இருப்பேன். கிடைக்காவிட்டால், காலையில் அவள் பல் விளக்குகிற இருபது நிமிடமும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற துண்டுக் கடிதமும்தான் எங்கள் இருவருக்கும். வேலை முதலில் ஜெசிந்தாவுக்குப் போயிருந்தது. ஆம், இல்லை என்று அவள் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லை என்றால் அடுத்தது நான்.

ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. வீட்டிலிருந்து 9.10-க்குப் புறப்பட்டேன். லாசாலில் இருந்து 110-ஆம் பஸ்ஸில் ஆங்கிரிஞோன் மெற்றோவுக்குப் போக வேண்டும், என் வீட்டிலிருந்து மூன்றரைக் கிலோமீற்றர். விடுமுறை அட்டவணையாதலால் தரிப்பிடத்தில் இருபத்திரண்டு நிமிடம் நின்றேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பச்சைத் தடத்தில் லாசால் என்ற பெயரில் ஒரு மெற்றோ நிலையம் இருக்கிறது, அது லாசாலில் இல்லை. அங்கே இறங்கிப் பேந்து என்னைத் திட்டாதீர்கள். ஆங்கிரிஞோனில் ஏறினால் கீ-கொன்கோர்டியா நிலையத்துக்குப் பதினேழு நிமிடம். என்னிடம் மாதாந்த அட்டை இருந்தது. இல்லாதவர்கள் 24 மணி நேர அட்டை எடுப்பது நல்லது, நான் போன அன்று 11.25 டொலர்.

நான் படியேறி வெளியே வரவும் ஜெசிந்தா 165-ஆம் பஸ்ஸால் இறங்கவும் சரியாக இருந்தது. நீலப் பூப்போட்ட சட்டை, தோளில் ஒரு பெரிய பை.

"கனநேரம் நிண்டனீரோ பஸ்ஸுக்கு?" என்று கேட்டேன்.

"இல்லையக்கா, நான் தரிப்புக்கு வர அதுவும் வந்திட்டுது."

வராமல் என்ன செய்யும்! அவளைக் கண்டால் பஸ்ஸும் நிற்கும், மழையும் விடும். நான் முன்னால் நடந்தேன். அருங்காட்சியகம் அங்கிருந்து அறுநூறு மீற்றர், ஆறுதலாக நடந்தால் எட்டு நிமிடம்.

நுழைவுக் கட்டணம் 24 டொலர். ஒரு தெய்வத்தைப் பார்க்க இது கொஞ்சம் அதிகம், எங்கள் கோயில்களில் சிறப்பு அர்ச்சனைக்கே இவ்வளவு கேட்கமாட்டார்கள். நான் அட்டையை எடுத்துக் கட்டிவிட்டுத் திரும்பினால், வயதான பிரெஞ்சுக்காரத் தம்பதி ஒன்று ஜெசிந்தாவிடம் எதையோ நீட்டிக்கொண்டு நிற்கிறது. அவர்களுடைய மகள் வரவில்லையாம், ஒரு ரிக்கெற் மிச்சமாம். வரிசையில் அத்தனை பேர் நின்றோம். அவர்களுக்கு இவள்தான் கண்ணில் பட்டிருக்கிறாள்!

"மெர்சி, மெர்சி" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, உங்கட காசிலை பாதியை நான் தாறன். ரெண்டு பேருக்கும் கிடைச்ச மாதிரி இருக்கும்."

"சும்மா இரும். உமக்குக் கிடைச்சது உமக்கு" என்றேன். இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லும்போது நன்றாக இருந்தது.

உரோமப் பகுதி இரண்டாம் மாடியில். பத்தரைக்குப் போனால் கூட்டமே இல்லை. பெரிய கல் தலைகளையும் மூக்குடைந்த அரசர்களையும் கடந்து போனால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் நிற்கிறாள். நான் ஆளுயரச் சிலையை எதிர்பார்த்துப் போனேன். இவள் வெண்கலத்தில் என் உள்ளங்கை நீளம்தான், பச்சை பிடித்து, முகம் தேய்ந்து போயிருக்கிறாள். வலது கையில் கப்பலின் சுக்கான், இடது கையில் பழங்கள் வழிகிற ஒரு கொம்பு. வாழ்க்கையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமென்று தீர்மானிப்பது அவள் என்பதற்குச் சுக்கானாம், கொடுப்பவள் என்பதற்குக் கொம்பாம். சில சிலைகளில் காலடியில் ஒரு பந்தோ சில்லோ இருக்குமாம், உருண்டுகொண்டே இருப்பவள் என்பதற்கு. இதில் அது இல்லை.

என் கை தானாகக் கூப்பிக்கொண்டது. பக்கத்தில் பார்த்தால் ஜெசிந்தா சிலுவை போடுகிறாள்.

"நீர் ஏன் இவவுக்குச் சிலுவை போடுறீர்? உங்கட பங்குச் சாமியார் அறிஞ்சாரெண்டால் அவ்வளவுதான்."

"ஐயோ, பழக்கதோசத்திலை கை போட்டிட்டுது" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காவலுக்கு நின்றவர் எங்களையே பார்த்தார். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டோம்.

உரோமில் ஃபோர்த்தூனா ஒருத்தி இல்லை. பெண்களுக்கு ஒருத்தி, பயணம் போனவர் வீடு திரும்ப ஒருத்தி, இன்றைய ஒரு நாளுக்கென்றே ஒருத்தி. கெட்ட அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பலிபீடம் வைத்திருந்தார்களாம், கிட்ட வராமல் தூரவே இருக்கட்டும் என்று. இதைத் தர்ஷியின் அட்டையில் வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. நாங்கள் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிறோமே, அதுவும் அந்தக் கணக்குத்தான். இன்னொன்றும் அதில் எழுதியிருந்தாள். உரோமுக்குக் கிட்ட ஒரு ஊரில் அவளுடைய கோயிலில் மரத்துண்டுகளில் எழுதிவைத்த சீட்டுகளை ஒரு குழந்தை எடுத்துக் கொடுக்க, அதை வைத்துப் பலன் பார்த்தார்களாம். அந்த வரியை வாசித்த நாளிலிருந்து எனக்கு ஒரு கையுறைப் பெட்டிதான் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தக் கதையை இதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பதினொரு வருடத்துக்கு முன் எங்கள் வைத்தியசாலையில் ஒரே நாளில் பன்னிரண்டு பேரைச் சேர்த்தார்கள். சேர்ந்த நாள் ஒன்றாக இருந்தால் யார் மூத்தவர்? அதைச் சீட்டு எடுத்துத் தீர்ப்பார்கள், சின்ன எண் எடுத்தவர் மூத்தவர். தொழிற்சங்கத்துப் பெண் ஒருத்தி வெறும் கையுறைப் பெட்டிக்குள் பன்னிரண்டு துண்டுகளை மடித்துப் போட்டு, பிரெஞ்சில் ஏதோ நீளமாக விளக்கிவிட்டு ஒவ்வொருவரிடமும் நீட்டினாள். எனக்கு அப்போது பிரெஞ்சில் 'போன்ஜூர்' மட்டும்தான் தெரியும். உடுப்பு வைக்கிற லொக்கருக்கு எண் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் எடுத்தது எட்டு. பக்கத்தில் அன்று காலையில்தான் அறிமுகமான ஜெசிந்தா, அவள் எடுத்தது ஒன்பது.

எட்டு! சனியின் எண். எட்டாம் எண் வீட்டுக்குக் குடிபோகமாட்டோம், எட்டாம் தேதி நல்ல காரியம் தொடங்கமாட்டோம். புது நாட்டில் முதல் வேலை, அதில் என் உடுப்பை ஆயுள் முழுக்க எட்டாம் எண் பெட்டிக்குள்ளா வைப்பது? இவள் வேதக்காரி, இவளுக்கு எட்டு என்ன செய்யும் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். செய்தால் செய்யட்டும் என்று நினைத்தேன். அவளுடைய கையைப் பிடித்து, "தங்கச்சி, இதை நீர் எடும், உம்மடையை எனக்குத் தாரும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "உண்மையாவோ அக்கா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இருவரும் கையெழுத்துப் போட்டோம். அது லொக்கர் எண் இல்லை என்று எனக்குத் தெரிய ஆறு மாதம் எடுத்தது. அவளுக்கு அன்றே பிரெஞ்சு தெரியும், எனக்கு முன்னரே வந்து வகுப்புக்குப் போனவள். தெரிந்துகொண்டே வாங்கிவிட்டாள், கள்ளி என்று பதினொரு வருடம் உள்ளுக்குள் புகைந்தேன். ஒவ்வொரு ஜூலையும் அவள் விடுப்பில் போகும்போது, அது என்னுடைய எட்டு, என்னுடைய ஜூலை என்று மனதுக்குள் சொல்லுவேன். வெளியில் "சந்தோசமாப் போட்டு வாரும்" என்பேன்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, உரக்கச் சொல்லாமல் ஒன்று கேட்டேன். இவள் வெள்ளிக்கிழமை 'இல்லை' என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். சுக்கானைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பு, தாயே.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தோம். மெற்றோவில் பெரி வரை போய்ச் செம்மஞ்சள் தடத்துக்கு மாறி ஷோன்-டெ-மார்ஸ் நிலையத்தில் இறங்க, மாறுகிற நேரத்தோடு இருபது நிமிடம். அங்கிருந்து ஜாக்-கார்த்தியே துறைக்கு இறக்கத்தில் பன்னிரண்டு நிமிட நடை. தெருவெல்லாம் நீலமும் வெள்ளையும், கன்னத்தில் கொடி வரைந்த பிள்ளைகள், மேடைக்கு மேடை பாட்டு. துறைமுகத்தில் சாப்பாடு யானை விலை, கட்டிக்கொண்டு போங்கள். நான் புளிச்சோறு கொண்டு போயிருந்தேன். ஜெசிந்தா பையிலிருந்து இரண்டு பெட்டி எடுத்தாள்.

"இது மீன் கட்லட், எனக்கு. இது மரக்கறி, உங்களுக்கு. இண்டைக்குச் செவ்வாயெல்லோ, நீங்கள் மச்சம் தொடமாட்டீங்கள்."

தனி எண்ணெயில் பொரித்தாளாம். இப்படியான ஆளை எப்படி நிம்மதியாக வெறுப்பது, சொல்லுங்கள். மூன்று கட்லட் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது, என் கட்லட் எப்போதும் எண்ணெயில் பிரிந்துவிடும்.

சென்-எலென் தீவுக்குப் போகிற படகு 1.35-க்கு, ஒருவருக்கு ஆறு டொலர், பயணம் பன்னிரண்டு நிமிடம். விடுமுறை நாளில் அரை மணித்தியாலம் முன்னரே வரிசையில் நில்லுங்கள். எங்களுக்கு முன்னால் ஏறிய இளம் ஆட்கள் நீலமும் வெள்ளையுமான கடதாசிப் பூ மாலைகள் வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தன் திரும்பி, சிரித்துக்கொண்டு ஒரு மாலையை யாருக்குப் போட்டான் என்று நினைக்கிறீர்கள்? அவளுக்கேதான். அவள் அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள்.

"உரோம் சனம் மாலை போட்டுக்கொண்டுதானே போனவை? இது உங்கட திருவிழா, நீங்கள் போடுங்கோ."

படகு துறையை விட்டது. ஆறு நல்ல வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாலம் தலைக்கு மேல் வரும் நேரத்தில் அவள் சொன்னாள்.

"அக்கா, நான் அந்தப் பகல் வேலைக்கு இல்லையெண்டு எழுதிக் குடுக்கப்போறன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் கேட்டதை இப்படிக் கையோடு தந்துவிடுவாளா அந்தப் பச்சை பிடித்த பெண்?

"உமக்கென்ன விசரே? பேந்து எப்ப வருமோ தெரியாது."

"தெரியும். அவரோடையும் கதைச்சிட்டன். என்ர பெடியனுக்குப் பின்னேரத்திலை தேப்பன் நிக்கிறார். தர்ஷிக்கு ஆர் நிக்கிறது? அண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லி முடிச்சிட்டு, என்னட்டை மெல்லமாக் கேட்டவ, 'ஆன்ரி, இதை வீடியோ எடுத்தனீங்களோ, அம்மாக்குக் காட்ட?' எண்டு. நான் எடுக்கேல்லை அக்கா. எனக்கு யோசினை வரேல்லை. அண்டையிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை."

காற்றில் பறந்த தலைமயிரை ஒதுக்கிவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அதோடை அந்த எட்டு என்ரை இல்லையே. நீங்கள் தந்தது."

"என்ன எட்டு?" என்றேன். என்ன எட்டென்று எனக்குத் தெரியாதா?

"மறந்திட்டீங்களே? எனக்கு மறக்காது. அப்ப என்ர பிள்ளைக்கு அஞ்சு மாசம். அவர் வேலையெண்டு ரொறொன்ரோவிலை. ஒன்பதைக் கையிலை வைச்சுக்கொண்டு, இனி இந்த இடத்திலை கனபேருக்குப் பின்னாலைதான் எண்டு நினைச்சு அழுகை வந்துகொண்டிருந்தது. நீங்கள் என்ர முகத்தைப் பார்த்தனீங்கள். ஆரெண்டே தெரியாத எனக்கு, நான் கேக்காமலே உங்கட இடத்தைத் தந்தனீங்கள். இந்த நாட்டிலை எனக்கு முதல் நடந்த நல்ல காரியம் அது." அவள் மாலையின் ஒரு பூவைச் சரிசெய்தாள். "பதினொரு வருசத்திலை நீங்கள் ஒரு நாள் அதைச் சொல்லிக் காட்டினதில்லை. வேறை ஆரும் எண்டால் சொல்லிக் காட்டாமல் இருப்பினமே? ஒவ்வொரு வருசமும் அந்த நாளிலை மலைக் கோயிலுக்குப் போய் உங்கட பேருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துறனான்."

நான் ஆற்றைப் பார்த்தேன். கண்ணால் தண்ணீர் வந்தது, வெயில் குத்துகிறது என்று சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் இன்னும் ஐந்து இருந்தது. சொல்லவில்லை. படகு கரையில் முட்டியபோது, "நன்றி ஜெசிந்தா" என்று மட்டும் சொன்னேன்.

தீவில் மர நிழலில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது என்றார்கள், எனக்கு ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. திரும்பப் படகு தேவையில்லை, தீவிலேயே மஞ்சள் தட மெற்றோ இருக்கிறது. பெரியில் அவள் செம்மஞ்சள் பக்கம் போனாள், நான் பச்சைப் பக்கம். வீட்டுக்கு வர 4.50.

தர்ஷி ஏழு மணிக்கு வந்தாள். விடுமுறை நாளானதால் நான் வீட்டில் இருந்தேன், இருவரும் ஒன்றாக மேசையில் இருந்து சாப்பிட்டோம். "பாத்தீங்களா அவவை? எப்பிடி இருந்தா?" என்று கேட்டாள். சின்னதாக இருந்தாள் என்றேன். "ஏன் பந்துக்கு மேல நிக்கிறா தெரியுமா?" என்று தொடங்கி அட்டையில் எழுதியது எல்லாவற்றையும் கரண்டியை ஆட்டி ஆட்டி எனக்குச் சொன்னாள், முக்கால் மணித்தியாலம். நான் பார்க்க முடியாமல் போன நிகழ்ச்சி இதுதான். சோறு ஆறிப்போய்விட்டது, நாங்கள் கவனிக்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் இது எனக்குக் கிடைக்கும், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விடயங்கள். அருங்காட்சியகங்களை விடுமுறை நாளில் திறக்கிறார்களா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். பெரிய பைகளைக் கீழே வாங்கி வைத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலும் உள்ளே விடமாட்டார்கள். உரோமப் பகுதிக்கு ஒன்றரை மணித்தியாலம் தாராளம். படகில் காற்று அடிக்கும், ஜூனிலும் ஒரு மெல்லிய மேலங்கி வேண்டும். நுழைவுக் கட்டணம், போக்குவரத்து, படகு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 41.25 டொலர் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது மிச்ச ரிக்கெற் நீட்டினால் அது உங்கள் முகராசி. அப்படிப்பட்ட முகராசிக்காரியோடு போனால், அவள் பாதி தாறேன் என்றால், வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்று புதன்கிழமை காலை. இந்தப் பதிவுக்கு முதல் கருத்து யாரிடமிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். எப்போதும் அவள்தான், மூன்று பூவும் ஒரு கைகூப்பும் போட்டு.

ஜெசிந்தா, படகில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அன்று உம்முடைய முகத்தைப் பார்க்கவில்லை. உமக்குக் கைக்குழந்தை இருந்தது எனக்குத் தெரியாது. அது பணிமூப்பு எண் என்பதும் தெரியாது. எட்டு சனியின் எண், என் தலையில் இருக்க வேண்டாம், உம்முடைய தலையில் இருக்கட்டும் என்றுதான் தள்ளினேன். பதினொரு வருடம் நான் சொல்லிக் காட்டாமல் இருந்தது பெருந்தன்மையால் இல்லை, பொறாமையால். நீர் எனக்கு மெழுகுதிரி கொளுத்திய நாட்களில் நான் உம்மைக் கள்ளி என்று திட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு உம்மில் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஒரு ஆளைப் பற்றி இத்தனை வருடம் நல்லதாகவே நினைத்துக்கொண்டிருக்க உம்மால் முடிந்திருக்கிறதே, அதில்.

அந்தக் கடிதத்தில் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டீர். வெள்ளிக்கிழமை நாலு மணி வரை நேரம் இருக்கிறது. இதை வாசித்துவிட்டுப் போடும்.